ஆப்பில் கிடக்கும் பணம் வருமான வரித் துறைக்குத் தெரியுமா?

வெளிநாட்டு வங்கிக் கணக்கு பற்றிக் கேட்டவர்கள் இப்போது ஆப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

எட்டு வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்தேன். திருச்சிக்குத் திரும்பி நான்கு வருடமாகிறது. அங்கிருந்த வங்கிக் கணக்கை மூடிவிட்டேன். ரெவலூட் என்ற பணப் பரிமாற்ற ஆப்பில் மட்டும் 6,000 யூரோ இருக்கிறது. அது வங்கி இல்லையே, அதையுமா இந்தியாவுக்குச் சொல்வார்கள்?

வங்கி இல்லை என்று யார் சொன்னது? ஐரோப்பிய ஒன்றியத்தில் ரெவலூட் லிதுவேனியாவின் வங்கி உரிமத்தோடு இயங்குகிறது. நாடுகள் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிஆர்எஸ் என்ற ஏற்பாட்டை, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2014-ல் கொண்டுவந்தது. இந்தியா 2017 முதல் அதில் இருக்கிறது. தனிநபரின் வங்கிக் கணக்கு என்றால் அதில் குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது. 60 யூரோ இருந்தாலும் அறிக்கையில் வரும். பெயர், முகவரி, பிறந்த தேதி, பான் எண், கணக்கு எண், வருடக் கடைசி இருப்பு, வந்த வட்டி ஆகியவை போகும். எந்தக் கடையில் காபி குடித்தீர்கள் என்பதெல்லாம் போகாது.

வங்கி உரிமம் இல்லாமல் ஆப்பில் பணம் வைத்துக்கொள்ள விடும் உண்மையான மின்பண நிறுவனங்களின் கதை வேறு. ஐரோப்பியச் சட்டப்படி மின்பணம் 'வைப்புத்தொகை' அல்ல. அதனால் பழைய விதிகள் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல அந்த நிறுவனங்களுக்கு இடம் இருந்தது. திருத்திய சிஆர்எஸ் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2026 ஜனவரி 1 முதல் மின்பணக் கணக்குகளும் கணக்கில் வருகின்றன. முதல் பரிமாற்றம் 2027-ல்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறு ஒன்று. ஆப்பில் உங்கள் முகவரி இன்னும் ஜெர்மனியில்தான் இருக்கிறதா? தகவல் எந்த நாட்டுக்குப் போகும் என்பதைக் கணக்குக்காரர் கொடுக்கும் வரி வசிப்பிட உறுதிமொழிதான் தீர்மானிக்கிறது, குடியுரிமை அல்ல. திரும்பி வந்ததும் அதை மாற்றியிருக்க வேண்டும். 'மாற்றாமல் விட்டால் தெரியாதுதானே' என்று கேட்காதீர்கள். இந்திய முகவரி, இந்திய போன் நம்பர் போன்ற அறிகுறிகள் கணக்கில் ஏறினால் நிறுவனம் உங்களிடம் புது உறுதிமொழி கேட்டாக வேண்டும்.

இன்னொன்று. தகவல் வந்துவிட்டது என்பதாலேயே வரி வராது. 6,000 யூரோ நீங்கள் அங்கே சம்பாதித்து மிச்சம் பிடித்தது. அந்த முதலுக்கு இங்கே வரி இல்லை. இப்போது வட்டி வந்தால் அதற்கு உண்டு.

மின்பணக் கணக்குக்கு 10,000 டாலர் வரம்பு இருக்கிறதாமே? டிசம்பர் 30 அன்று பணத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஜனவரியில் திரும்பப் போட்டால் போதுமா?

போதாது. இப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்துதான் அந்த விதியை எழுதியிருக்கிறார்கள். பார்ப்பது ஒரு நாள் இருப்பை அல்ல. அடுத்தடுத்த 90 நாட்களின் நாள்முடிவு இருப்புச் சராசரி வருடத்தின் எந்தக் கட்டத்திலும் 10,000 டாலரைத் தாண்டாமல் இருந்தால்தான் விலக்கு. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 15,000 இருந்தால் போதும், மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், அந்த வரம்பு நிறுவனத்துக்கானது, உங்களுக்கானது அல்ல. நிறுவனம் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும். இந்தியாவில் முழு வசிப்பாளராக இருப்பவர் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ பகுதியை நிரப்பியாக வேண்டும். அதற்கு ஐடிஆர்-1 படிவம் உதவாது. ஐடிஆர்-2 அல்லது 3 வேண்டும். அதில் கேட்பது நிதியாண்டு அல்ல, காலண்டர் வருடம். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. வருடத்தின் உச்ச இருப்பையும் கேட்பார்கள், ஆகவே டிசம்பர் 30 தந்திரம் இங்கேயும் செல்லாது.

வெளிநாட்டுச் சொத்து பற்றி வருமான வரித் துறையிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. நோட்டீஸா?

இல்லை, நினைவூட்டல். 2024 நவம்பரில் இப்படி ஒரு பிரசாரம் நடத்தினார்கள். 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்தினார்கள், காட்டப்பட்ட வெளிநாட்டுச் சொத்து 29,208 கோடி ரூபாய். மெசேஜ் வந்தால் உங்கள் கணக்கு விவரம் அவர்கள் மேஜையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடுவுக்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.

கறுப்புப் பணச் சட்டத்தில் மறைத்ததற்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் கிடையாது. திருச்சிக்காரருக்கு இது நிம்மதி. ஆனால் அபராதம்தான் இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு டிசைன் செய்கிறேன். பணம் பேபாலில் வருகிறது. அதையும் ஷெட்யூல் எஃப்ஏ-வில் காட்டணுமா?

இந்திய பேபால் கணக்கில் பணம் தங்காது, தானாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பு என்று எதுவும் இல்லாததால் அங்கே காட்ட ஒன்றுமில்லை. ஆனால் வருமானம் முழுக்க இங்கே வரிக்கு உட்பட்டது. பேபால் பிடித்துக்கொண்டு மீதி அனுப்பும் தொகையை மட்டும் வருமானமாக எழுதாதீர்கள். முழு பில் தொகையை வருமானத்தில் காட்டி, கட்டணத்தைச் செலவாக எழுதுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டேன். அங்கே ஒரு பேமெண்ட் ஆப்பில் கொஞ்சம் டாலர் இருக்கிறது. அமெரிக்கா சிஆர்எஸ்-ல் இல்லைதானே?

இல்லைதான். அவர்களுக்குத் தனியாக ஃபாட்கா என்ற கணக்குத் தகவல் சட்டம். அதன்படி இரு நாடுகளும் 2015-ல் ஒப்பந்தம் போட்டன, ஆனால் தராசு சமமாக இல்லை. நாம் இருப்பு உட்பட எல்லாம் அனுப்புகிறோம்; அங்கிருந்து தனிநபரின் வங்கிக் கணக்கு பற்றி வருவது பெரும்பாலும் வருடத்துக்கு 10 டாலருக்கு மேல் வட்டி வந்த கணக்குகளின் விவரம்தான். வட்டி தராத ஆப் இருப்பு அந்த வலையில் சிக்காமல் போகலாம்.

இதை எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தெரிந்துவிட்டுப் போகட்டும், ஷெட்யூல் எஃப்ஏ-வில் அந்த ஆப் இருப்பையும் எழுதத்தான் வேண்டும். கிரீன் கார்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் உங்களுக்கு நேர் எதிர்த் தலைவலி: இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்குப் படிவத்தில் அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் எஃப்டியும் அதில் சேரும்.