குளிர்சாதன லாரிக்குள் இருந்தவர்கள் எப்படி வெக்கையிலும் மூச்சுத் திணறியும் இறந்தார்கள்?

2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில், கள்ளத்தனமாக ஏற்றிவரப்பட்ட 39 வியட்நாமியர்கள் இறந்த டிரெய்லரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதில் குளிரூட்டி ஓடவில்லை. ஓடியிருந்தாலும் மூச்சுக்கு உதவியிருக்காது. அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், வெளிக்காற்றை இழுக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் சுமார் 80,000 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயு விடுவார். 39 பேருக்கு 700 லிட்டர். மணிக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம் ஏறும். 5 சதவீதத்தில் தலைவலி, மூச்சிரைப்பு. 10 சதவீதத்தை நெருங்கினால் நினைவு தப்பும். அவர்கள் அடைபட்டிருந்தது சுமார் 12 மணி நேரம்.

வெப்பம் வேறு. ஆளுக்கு 100 வாட் வீதம் சேரும் சூடு, குளிர் போகாமல் இருக்கப் போட்ட அதே நுரைச் சுவரைத் தாண்டாது. ஈரக்காற்றில் வியர்வையும் உலராது. உள்ளே 38.5 டிகிரி வரை போனது. உலோகக் கம்பியால் கூரையைக் குத்தியிருக்கிறார்கள். நசுங்கியதே தவிர ஓட்டை விழவில்லை.

2022 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள சான் அன்டோனியோவில், இதேபோல் அடைபட்ட லாரியில் வெயிலும் சேர்ந்துகொள்ள, 53 பேர் இறந்தார்கள்.

இத்தகைய லாரிப் பெட்டிக்குத் தாழ்ப்பாள் பொதுவாக வெளியே மட்டும்தான். நின்ற லாரிக்குள் தட்டும் சத்தம் கேட்டால் அவசர எண்ணை அழையுங்கள், இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிடுங்கள், காற்று மாறும்வரை உள்ளே ஏறாதீர்கள்.