சலக்கல்லும் பழைய புழுவும்: வாசகர் கேள்விகள்

எண்பதுகளில் நைஜீரியாவில் படிப்பித்தேன். ஆற்றில்தான் குளிப்போம். சலத்தோடு இரத்தம் போனபோது பில்ஹார்சியா என்ற புழுநோய் என்று சொல்லி மருந்து தந்தார்கள். இப்போது ஸ்கானில், இடது பக்கச் சிறுநீர்க்குழாயின் அடியில் 9 மில்லிமீற்றர் கல். அந்தப் புழுதான் காரணமா டொக்டர்? (கோண்டாவில்)

இருக்கலாம். ஆனால் கல்லை உண்டாக்குவது புழு அல்ல, அது விட்டுப்போன தழும்பு. புழு சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள நாளங்களில் இருந்து முட்டையிடும். எல்லா முட்டையும் சலத்தோடு வெளியேறாது. கொஞ்சம் பையின் சுவரிலும் குழாயின் அடிப்பகுதியிலும் சிக்கி, அந்த இடம் தடித்து ஒடுங்கிவிடும். சலம் தேங்கும், கிருமி சேரும், பிறகு கல். புழு செத்துப் பல வருடமானாலும் ஒடுக்கம் போகாது.

ஆகவே கிளினிக்கில் நைஜீரியாக் கதையை முதலில் சொல்லுங்கள். இந்தப் புழு இலங்கையில் பரவுவதில்லை. நீங்களாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் நினைவு வராது. கல்லுக்குக் கீழே குழாய் ஒடுங்கியிருந்தால், அதிர்வலையால் உடைத்தாலும் துண்டுகள் வர வழியிருக்காது. மருந்தேற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கானில் ஒடுக்கம் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே சிலருக்குச் சிறுநீர்ப்பையின் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியும், சுவரில் சுண்ணாம்பு படிந்ததால்.

முட்டை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் சலம் கொடுங்கள். அப்போதுதான் முட்டை அதிகம் இறங்கும். இருந்தால் பிரசிகுவாண்டெல் குளிசை போதும். மறுபடி இரத்தம் போனால் கல்தான் என்று இருந்துவிடாதீர்கள். இந்தப் புழு சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாவது. உள்ளே கமரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அவரிடமிருந்து எனக்குத் தொற்றுமா? (அவருடைய மனைவி)

தொற்றாது அம்மா. நன்னீர் நத்தை ஒன்றின் வழியாகத்தான் அது பரவும்.

மகனுக்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுக்கவில்லை. அதனாலா சிறுநீரகத்தில் கல்? (சாவகச்சேரி)

இல்லை. குடற்பூச்சி குடலோடு சரி, மிஞ்சினால் பித்தக்குழாய்க்குள் போகும். ஆனால் சின்ன வயதில் கல் வந்தால் ஏன் வந்தது என்று இரத்தமும் சலமும் சோதிக்க வேண்டும்.

யானைக்கால் நோய் இருந்த அப்பாவுக்குச் சலம் பால்போல் போகிறது. கல் கரைகிறதா? (பருத்தித்துறை)

கல் அப்படிக் கரையாது. அடைபட்ட நிணநீர் சலத்தில் கசிகிறது. கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும். சிலநேரம் அது உறைந்து கட்டியாக இறங்கும்போது அச்சாகக் கல் வலிபோலவே வலிக்கும், ஸ்கானில் கல்லே இருக்காது. இலங்கையில் யானைக்கால் நோய் கட்டுக்குள் வந்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது. பழைய நோயாளிகளின் பாதிப்பு அதோடு மறைந்துவிடாதே. சலத்தைக் கொடுத்துச் சோதியுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கேத்தில் முழுக்க வெள்ளைப் படிவு. அதுதானே கல்லாகிறது? நெருஞ்சிமுள் கசாயம் குடிக்கலாமா? (சுன்னாகம்)

சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். கேத்தில் படிவை விட, வெயிலில் தோட்டவேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. நாளுக்கு இரண்டரை லீற்றர் சலம் போகுமளவு குடியுங்கள், கருவாட்டையும் உப்பையும் குறையுங்கள். பாலை நிறுத்த வேண்டாம். கசாயத்தைப் பற்றி ஒன்றுதான்: வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அதைக் காய்ச்சிக்கொண்டிராமல், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.