அனுமதியின்றி எழுப்பிய மாடி: விற்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கோவை மாநகராட்சி எல்லைக்குள், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் எனக்கு நான்கு சென்ட் மனை உள்ளது. 2003இல் முறையாக அனுமதி பெற்று ஆயிரம் சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டினேன். 2019இல் மகனின் திருமணத்தையொட்டி, தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கொண்டு மாடியில் சுமார் 850 சதுர அடியில் ஒரு வீடு எழுப்பினேன். அதற்குச் செல்ல, பக்கவாட்டில் விட்டிருந்த காலியிடத்தில் கான்கிரீட் படிக்கட்டும், படிக்கட்டின் கீழ் ஒரு கழிவறையும் கட்டினோம். அனுமதி வாங்கவில்லை, ஆனால் மாடிக்கும் சேர்த்துச் சொத்து வரி கட்டுகிறேன், தனி மின் இணைப்பும் உள்ளது. இப்போது வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டு முன்பணமும் வாங்கிவிட்டேன். வாங்குபவருக்குக் கடன் தரவிருந்த வங்கியின் பொறியாளர், வரைபடத்தில் இல்லாத மாடி என்று எழுதியதால் கடன் நின்றுவிட்டது. படிக்கட்டைக் காட்டிப் பக்கத்து வீட்டார் மாநகராட்சியில் புகார் கொடுத்திருக்கிறார். பத்திரத்தில் தரைத்தளத்தை மட்டும் காட்டி விற்றுவிடலாம் என்று தரகர் சொல்கிறார். செய்யலாமா? மாடிக் கூரையின் ஒரு மூலையில் விரிசலும் தெரிகிறது.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் விரிசலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வங்கிக் கடன், பக்கத்து வீட்டாரின் புகார், பத்திரம் ஆகிய மூன்றுக்கும் சட்டத்தில் வழி தேட முடியும். மாடியின் பாரத்தை 2003இல் போட்ட அடித்தளம் தாங்குகிறதா என்ற கேள்விக்கு எந்த மனுவாலும் பதில் பெற முடியாது. எனவே அந்த விரிசலை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்கும் வரை மாடியில் யாரையும் குடிவைக்க வேண்டாம், மேல்தளத்தில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி போன்ற எந்தப் பாரத்தையும் ஏற்ற வேண்டாம்.

அடுத்து, உங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனைப்பிரிவுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்பது நிலத்தை மனைகளாகப் பிரித்ததற்கும் சாலை விட்டதற்கும் கிடைத்த ஒப்புதல். அந்த மனையின்மேல் எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும், பின்னாளில் சேர்க்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகத் திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும் தேவை. சொத்து வரி ரசீது, அந்தக் கட்டடம் பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கும் அதற்கு வரி வசூலிக்கப்பட்டது என்பதற்கும் மட்டுமே சான்று. மின் இணைப்பும் அப்படித்தான். ‘வரி வாங்கிக்கொண்டவர்கள் இப்போது எப்படி ஆட்சேபிக்கலாம்’ என்று வழக்கறிஞரான என்னிடம் கேட்காத கட்சிக்காரர் அரிது. கோபம் நியாயமாகத் தோன்றலாம், ஆனால் நீதிமன்றத்தில் அந்த வாதம் நிற்பதில்லை. மீரட் நகரின் வணிகக் கட்டடம் ஒன்று பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது, பெரும் பணம் செலவாகிவிட்டது, அதிகாரிகள் இத்தனை நாளும் பேசாமல் இருந்தார்கள் என்பவற்றில் எதுவும் அனுமதியற்ற கட்டடத்தைச் சட்டப்படியானதாக ஆக்கிவிடாது என்று தெளிவாகவே கூறிவிட்டது. பணி நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பின்னரே வங்கிகள் கட்டடத்தின் மீது கடன் வழங்க வேண்டும் என்ற உத்தரவும் அதே தீர்ப்பில் உள்ளது. சிறிய வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து தமிழ்நாட்டு விதிகள் விலக்கு அளிக்கின்றன என்றாலும், வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போக வேண்டும் என்பதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. வங்கியின் பொறியாளர் உங்களுக்குத் தொல்லை கொடுப்பதற்காக அப்படி எழுதவில்லை.

வெள்ளையடிப்பது, பூசுவது, தரை ஓடு மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு அனுமதி கேட்டு யாரும் அலைய வேண்டியதில்லை. தளம் சேர்ப்பது, பாரம் தாங்கும் சுவரை எடுப்பது, காலியிடத்தில் நிரந்தரமாகக் கட்டுவது ஆகியவை வேறு வகை. உங்கள் மாடியும் படிக்கட்டும் சந்தேகமின்றி அந்த இரண்டாம் வகையில் சேர்பவை.

அனுமதி வாங்காததால் நீங்கள் இழந்தது ஒரு முத்திரை மட்டுமல்ல. முறையாக விண்ணப்பித்திருந்தால், பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் கையெழுத்திட்டிருப்பார். ஒரு தளத்துக்கென்று போட்ட அடித்தளத்தின் மேல் இன்னொரு தளம் ஏற்றலாமா என்று அவர் கணக்குப் பார்த்திருக்க வேண்டியிருக்கும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பியின் தடிமன், இடைவெளி, கம்பிக்கும் பலகைக்கும் இடையில் வைக்கும் கவர் கட்டைகள் ஆகியவற்றைப் பார்ப்பது அரை மணி நேர வேலை. கொட்டிய பிறகு அதே விவரங்களை அறிய, மீயொலிக் கருவியும் கம்பியைக் கண்டறியும் கருவியும் கொண்டுவந்து, தேவைப்பட்டால் கான்கிரீட்டில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாளும் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. நாலரை மீட்டருக்கு மேல் நீளும் கூரைக்கு முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது என்கிறது. திருமணத் தேதி நெருங்கும் வீட்டில் முட்டு எத்தனையாவது நாளில் பிரிக்கப்பட்டது என்பதை உங்கள் மேஸ்திரியிடம் இப்போதாவது கேட்டுப்பாருங்கள். பொறியாளர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

அனுமதி இருந்தாலே எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்து விழுந்து 61 பேரைப் பலிகொண்ட பதினோரு மாடிக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. அதன் அருகில் நின்ற இன்னொரு கோபுரத்தையும் பாதுகாப்பற்றது என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அனுமதிக் காகிதமும் வேலை நடக்கும் இடத்தில் நடக்கும் ஆய்வும் வெவ்வேறு என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தமிழ்நாட்டில் இல்லை. 2024 ஜூலையில் அரசு தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. நடுத்தரக் குடும்பங்களின் அலைச்சல் குறைந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் அரசின் ஆய்வாளர் வராத இடத்துக்கு, உரிமையாளர் தம் செலவில் ஒரு பொறியாளரை வரவழைத்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் மறுபக்கம். அதிலும் கோவை, நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி, என வகைப்படுத்தப்பட்டு வந்த ஊர். 1900 பிப்ரவரியில் இப்பகுதியில் வலுவான நிலநடுக்கமே ஏற்பட்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நியமித்து, அடித்தளத்தின் ஓரத்தில் ஒரு குழி வெட்டிப் பார்ப்பது உட்பட முழு ஆய்வு செய்யச் சொல்லி, எழுத்துப்பூர்வ அறிக்கை பெறுங்கள். கூரையின் மூலையில் வரும் எல்லா விரிசலும் ஆபத்தானதல்ல. வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்குவதால் வருவதும் உண்டு, அடித்தளம் இறங்குவதால் வருவதும் உண்டு. அந்த வேறுபாட்டை வழக்கறிஞர் சொல்ல முடியாது. அந்தப் பொறியாளரிடமே மின் கம்பிகள், எர்த் எனப்படும் நில இணைப்பு, கழிவறையின் நீர்க்கசிவு, படிக்கட்டுக் கழிவறையின் கழிவுநீர் எங்கே சேர்கிறது என்பனவற்றையும் பார்க்கச் சொல்லலாம். மின்பகுதிக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் சான்று தனியாக வேண்டும்.

இரண்டாவது, இப்போது உள்ளபடியே கட்டடத்தை அளந்து ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். நான்கு சென்ட் என்றால் சுமார் 1,742 சதுர அடி. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரண வீட்டுக்குரிய தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப் பரப்பைப்போல் இரு மடங்கு வரை கட்டலாம். உங்கள் இரு தளங்களும் சேர்ந்து சுமார் 1,850 சதுர அடிதான் என்பதால், பரப்பளவில் சிக்கல் வராது. சிக்கல், மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையில் விட வேண்டிய, செட்பேக் எனப்படும் காலியிடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் சில சிறு அமைப்புகளை நிபந்தனைகளுடன் விதிகள் ஏற்கின்றன என்றாலும், கீழே கழிவறையுடன் கூடிய கான்கிரீட் படிக்கட்டை அந்தச் சலுகைக்குள் கொண்டுவருவது கடினம். அந்தப் பகுதியை நீங்களே அகற்றி, வீட்டின் உட்புறத்திலோ விதிக்கு உட்பட்ட வேறிடத்திலோ படிக்கட்டை அமைக்க முன்வந்தால், மீதமுள்ள மாடிக்கு அனுமதி கேட்பதில் உங்கள் கை வலுப்படும்.

தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 56ஆவது பிரிவு, அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்றச் சொல்லி அறிவிப்பு அனுப்ப அதிகாரம் தருகிறது; அதே பிரிவு, அறிவிப்பு பெற்றவர் கட்டடத்தை வைத்துக்கொள்ள 49ஆவது பிரிவின்கீழ் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறது. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முந்திக்கொள்வதே நல்லது. அதே சட்டத்தின் 113-சி பிரிவின்படி வரைமுறைப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்: அந்தத் திட்டம் 2007 ஜூலை 1ஆம் தேதிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கானது, 2019இல் எழுந்த உங்கள் மாடி அதற்குள் வராது. அதேபோல், மாடியே இல்லாததுபோல் காட்டிச் சுயசான்று முறையில் புதிதாக அனுமதி வாங்கிவிடலாம் என்ற யோசனையும் கூடாது. உண்மையை மறைத்துப் பெற்ற அனுமதியை ரத்து செய்ய அதிகாரம் உண்டு. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

பக்கத்து வீட்டாரின் புகாரால் நாளையே இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கும் என்று அஞ்ச வேண்டாம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி, பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, 15 நாளோ உள்ளூர்ச் சட்டம் தரும் கால அளவோ எது அதிகமோ அதுவரை காத்திருந்து, உங்கள் தரப்பைக் கேட்ட பின்பே உத்தரவிட முடியும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றை ஆக்கிரமித்த கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; உங்கள் படிக்கட்டு உங்கள் மனைக்குள்ளேயே இருப்பதால் உங்களுக்கு உண்டு. உத்தரவு பாதகமாக வந்தால் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் முறையிடலாம். அறிவிப்பு வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்து, பதிலளிக்கும் காலத்தை வீணே இழந்தவர்கள் பலர். முடிந்தால் பக்கத்து வீட்டாரிடம் அளவு வரைபடத்துடன் சென்று, படிக்கட்டை அகற்றப்போகிறேன் என்று சொல்லுங்கள். புகாரின் வேகம் அங்கேயே பாதி தணியும்.

தரகரின் யோசனைக்கு வருகிறேன்: கண்டிப்பாகக் கூடாது. சொத்தின் மதிப்பையும் முத்திரைத் தீர்வையையும் பாதிக்கும் எல்லா விவரங்களையும் ஆவணத்தில் முழுமையாக, உண்மையாகக் காட்ட வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. தீர்வையை ஏய்க்கும் நோக்கில் அதை மீறுவது 64ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. மாடி ஊரறிய நிற்கையில் தரைத்தளத்தை மட்டும் எழுதினால், சார்பதிவாளர் அலுவலகத்தின் கட்டடக் கள ஆய்வில் அது வெளிப்படும்; வங்கியும் மீண்டும் அதையே சொல்லும். அதைவிட முக்கியம், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு: வாங்குபவர் சாதாரண கவனத்துடன் கண்டறிய முடியாத முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் வெளிப்படுத்தியாக வேண்டும், மறைப்பது மோசடியாகக் கொள்ளப்படும். அடித்தளம் ஒரு தளத்துக்கென்று போடப்பட்டது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியக்கூடிய செய்தி அல்ல.

உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் எத்தனை மாதக் கெடு என்று நீங்கள் எழுதவில்லை. அனுமதி, இடிப்பு, பழுதுபார்ப்பு எல்லாம் அந்தக் கெடுவுக்குள் முடிவது அரிது. ஆகவே கெடு முடிவதற்கு முன்பே வாங்குபவருடன் ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: மாடிக்கு அனுமதி இல்லை என்பதை அவர் அறிவார், பொறியாளரின் அறிக்கையின் நகல் அவருக்குத் தரப்பட்டது, அனுமதி பெறும் செலவும் படிக்கட்டை மாற்றும் செலவும் உங்களுடையது, குறிப்பிட்ட தேதிக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணத்தைப் பிடித்தமின்றித் திருப்பித் தருவீர்கள் அல்லது இருவரும் பேசி முடித்த குறைந்த விலைக்கு, உள்ளது உள்ளபடி, வங்கிக் கடன் இல்லாமல் அவர் வாங்கிக்கொள்வார் என்ற நான்கு செய்திகளும் அதில் இருக்க வேண்டும். முன்பணத்தை இதற்குள் செலவழித்திருந்தால் அதைத் திரட்டி வைப்பதை இன்றே தொடங்குங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது 2003ஆம் ஆண்டு வரைபடத்தின் அசல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, விற்பனை ஒப்பந்தம், வங்கிப் பொறியாளரின் குறிப்பு, மேஸ்திரிக்குப் பணம் கொடுத்ததற்கான தாள் ஏதும் இருந்தால் அது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வரைபடம் தொலைந்திருந்தால், மாநகராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு கொடுத்துச் சான்றிட்ட நகல் கேட்கலாம்.