பின்வளவு டெக்குக்கு எந்தப் பலகை?

கேள்வி: எங்கள் வீட்டின் பின்வளவில் டெக் (பலகைத் தளம்) அமைக்கவுள்ளோம். ‘பிரஷர் ட்ரீட்டட்’ (அழுத்தத்தில் மருந்தேற்றிய) மரமே போதும் என்கிறார் கணவர். மகன் காம்போசிட் பலகையைக் கேட்கிறான். எனக்குச் சிடார் மரத்தின் நிறத்திலும் மணத்திலும் ஆசை. கோடையில் மீன் பொரிப்பதும் வடை சுடுவதும் அங்கேதான். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகி, ஸ்காபரோ, ரொறன்ரோ

பதில்: பொரியல் சட்டியைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. சிடார் மென்மையான மரம். கதிரைக் கால் பட்டாலே பள்ளம் விழும், சிந்திய எண்ணெயை உறிஞ்சிக் கறையாக வைத்துக்கொள்ளும், பூச்சின்றி விட்டால் நீங்கள் விரும்பும் அந்த நிறமும் சாம்பலாக வெளுத்துவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட்டில், மேலே பிளாஸ்டிக் உறை உள்ள வகையாயின், எண்ணெயை உடனே சவர்க்கார நீரால் துடைத்தெடுக்கலாம். ஆனால் சூடான சட்டியை அதன்மேல் இறக்கினால் தழும்பு மாறாது. கடும் நிறப் பலகையில் ஜூலை மதியம் வெறுங்காலுடன் நிற்கவும் முடியாது.

கணவர் சொல்லும் மரமே விலை குறைந்தது. அதில் ஆர்செனிக் நஞ்சு உண்டென்ற அச்சம் பழையது. வீட்டுப் பாவனைக்கான மரத்தில் 2003 இறுதியோடு அதைக் கைவிட்டு, செம்பு சார்ந்த மருந்துகளுக்கு மாறிவிட்டார்கள். கடையிலிருந்து ஈரமாக வரும் அம்மரத்தில் ஒரு துளி நீர் விட்டு, அது உள்ளே சுவறினால் மட்டுமே பூச்சுப் பூச வேண்டும். பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசியாக வேண்டும். தூரிகை பிடிக்கப்போவது யார் என்பதை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

மேற்பலகை எதுவாயினும், அடிச்சட்டம் பெரும்பாலும் அந்த மருந்தேற்றிய மரம்தான். செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடுமாதலால், சூடான துத்தநாகத்தில் தோய்த்த அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே கேளுங்கள். உறைபனி தூண்களை மேலே தள்ளாதிருக்க அத்திவாரம் 1.2 மீட்டர் ஆழம் போக வேண்டும். காம்போசிட் வளையக்கூடியது என்பதால் சட்டங்களுக்கிடையே 16 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. தளம் நிலத்திலிருந்து 60 சென்றிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் ரொறன்ரோ மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வெளிர் நிறக் காம்போசிட்டையே சொல்வேன். சிடாரைக் கைப்பிடிக்கும் வாங்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை மட்டும் டெக்கில் ஏற்றாமல், படியிறங்கியதும் நான்கு சீமெந்துக் கற்களைப் பதித்து அங்கே வையுங்கள்.