கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்ட தம்பிக்கு

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

பெரியபட்டினம் என்று எழுதியிருந்தீர்கள். நான் கீழக்கரை. பக்கத்து ஊர்ப் பிள்ளை கேட்கும்போது ரெண்டு வரியில் முடிக்க மனசு வரவில்லை. ஜூன் மாதம் மனைவியையும் பிள்ளையையும் துபாய்க்கு அழைத்து வருகிறீர்கள், ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் பார்த்திருக்கிறீர்கள். கோடையில் மாதம் கரண்டுக்கு என்ன ஆகும் என்று விசாரித்தால் கூட வேலை பார்க்கும் ஒருவர் 400 திர்ஹம் என்கிறார், இன்னொருவர் 1,100 என்கிறார், யாரை நம்புவது? இதுதான் கேள்வி. கூடவே ஸ்கூல், லைசென்ஸ், ஊருக்குப் பணம் அனுப்புவது என்று ஒரு பட்டியல். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கரண்ட் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குச் சோறு போடுவதே ஏசிதான். மெக்கானிக்குக் கையாளாக வந்து, இப்போது நாலு பையன்களை வைத்து மெயின்டனன்ஸ் எடுத்துச் செய்கிறேன்.

அந்த ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இங்கே ‘தீவா பில்’ (தீவா என்றால் துபாயின் மின்சார, தண்ணீர் வாரியம்) என்று சொல்வது வெறும் கரண்ட் பில் இல்லை. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், இதோடு வருஷ வாடகையில் 5 சதவீதம் நகராட்சியின் வீட்டுக் கட்டணம், எல்லாம் ஒரே பில்லில் வரும். வாடகை 84,000 என்றால் அந்த 5 சதவீதம் 4,200. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 350 போடுவார்கள். 1,100 சொன்னவரின் பில்லில் இந்த மாதிரி வீட்டுக் கட்டணம் கட்டாயம் இருக்கும், அதை வீட்டில் லைட்டே போடாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். 400 சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் ஏசி எந்த மீட்டரில் ஓடுகிறது?’

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் மாட்டுகிறார்கள். பல புதிய கட்டடங்களில் வீட்டுக்கு வீடு ஏசி மெஷின் கிடையாது. எங்கோ ஓர் ஆலையில் தண்ணீரைக் குளிரவைத்துக் குழாய் வழியாக அனுப்புவார்கள், இதைத்தான் ‘சில்லர்’ என்பார்கள். அதற்கு கம்பெனி தனி, பில் தனி. அந்த பில்லில் நீங்கள் இழுத்த குளிருக்கு ஒரு தொகை, உங்கள் ஃபிளாட்டுக்கு ஒதுக்கிய டன் கணக்குக்கு (குளிரவைக்கும் திறனின் அளவு) ஒரு நிலையான தொகை. பின்னது, நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ரெண்டு மாதம் பெரியபட்டினத்தில் மீன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் ஏறும். ‘சில்லர் ஃப்ரீ’ என்று விளம்பரம் போடுவார்கள், ஓனரே அந்தக் காசைக் கட்டுகிறார் என்று பொருள். ஆனால் அந்தச் சொல்லை ஒவ்வொரு புரோக்கரும் தன் வசதிக்குப் பேசுவான். நிலையான தொகையை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் வாடகை செக் கொடுக்காதீர்கள். எழுதி வாங்காத குடும்பம் ஒன்று ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டு ‘ஏசியில் ஏதோ லீக், பில் ஏறுகிறது’ என்றது. லீக் எதுவும் இல்லை, ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ரூபாயையோ திர்ஹமையோ ஒப்பிடாதீர்கள், யூனிட்டை ஒப்பிடுங்கள். துபாயில் நம்மைப் போன்றவர்களுக்கு முதல் 2,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ் (நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம்), 4,000 வரை 28, 6,000 வரை 32, அதற்கு மேல் 38. எரிபொருள் சர்சார்ஜ் தனி, 5 சதவீத வாட் வரி தனி. ஏசி உங்கள் மீட்டரிலேயே ஓடும் ரெண்டு பெட்ரூமில் குளிர்காலத்தில் மாதம் 400 யூனிட், ஆகஸ்டில் 1,500 என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 400-க்கு 92 திர்ஹம், 1,500-க்கு 345. பயப்படும் தொகை இல்லை. வில்லா எடுத்துக்கொண்டு 5,000 யூனிட் எரிப்பவருக்கு மின்சாரம் மட்டுமே 1,340 ஆகிவிடும், அவர் புலம்பலைக் கேட்டு நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். ஃபிளாட்டுக்கு 2,000 திர்ஹம் டெபாசிட் கேட்பார்கள், காலி பண்ணும்போது பாக்கி இல்லாவிட்டால் திரும்ப வரும். ஷார்ஜா கணக்கு வேறு, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர்க் கணக்கு இன்னும் வேறு. துபாயில் கூடுதலாக எரித்த யூனிட்டுக்குத்தான் கூடுதல் விலை. தமிழ்நாட்டில் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், சரி. ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டின் விலையும் மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதே வீடு 500 தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. அதாவது 501-வது யூனிட் எட்டு ரூபாயோடு இன்னொரு 225 ரூபாயையும் இழுத்துக்கொண்டு வந்தது. பிறகு விலை ஏறியிருக்கிறது, அமைப்பு மாறவில்லை. லண்டனில் என் மச்சான் ஒருவன் இருக்கிறான், ‘எங்கள் வீட்டில் வருஷத்துக்கே 2,700 யூனிட்தான்’ என்று பெருமை பேசுவான். அங்கே சாதாரண வீட்டுக்கு ஆஃப்ஜெம் என்ற மின்சார, எரிவாயு ஒழுங்குமுறை அமைப்பு 2023-ல் வைத்த கணக்கும் அதுதான். கூடவே அதே வீட்டுக்கு 11,500 யூனிட் எரிவாயு என்பதை அவன் சொல்ல மாட்டான். அவர்களுக்குக் குளிரை ஓட்ட கேஸ், நமக்கு வெயிலை ஓட்ட கரண்ட்.

சரி, எது ஏற்றுகிறது? ஏசிதான், வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் பிறகுதான். பழைய ஒன்றரை டன் விண்டோ ஏசி ஓடும்போது சுமார் 1,800 வாட் இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். அந்த ஏசியின் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் ஓடுவதும் ஃபேன் ஒரு நாள் முழுக்கச் சுற்றுவதும் ஒன்று, 1.8 யூனிட். ஊரில் ஜன்னலைத் திறந்து போட்டு, சாயங்காலம் கடல் காற்று வந்தால் ஃபேனிலேயே படுத்துவிடுகிறோம். இங்கே ஆகஸ்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெளியே முப்பது டிகிரிக்குக் கீழே வராது, ஜன்னலைத் திறக்கவே முடியாது. வித்தியாசம் முழுக்க இதுதான்.

ஏசியிலும், கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடுகிறது என்பதுதான் காசு. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், வெளியிலிருந்து வந்ததும் 18-ல் தட்டிவிடுவது. சாதாரண ஏசி 18-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரவைக்கும். 18-ல் வைத்தால் நிற்காது, அவ்வளவுதான். அப்புறம் அதே 18-ல் ரெண்டு கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று இந்திய அரசே சொல்லிவிட்டது. 24-ல் வைத்து ஒரு ஃபேனையும் போடுங்கள்.

அடுத்தது காயில், அதாவது ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கும் குழாயும் தகடும். துபாய் கராமா பகுதியில் ஒரு வீடு. பில் ஏறுகிறது, குளிர் வரவில்லை, ஏசிக்கு கேஸ் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஃபில்டரைக் கழற்றினேன், சாம்பல் நிறத்தில் தூசி விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது, உரித்தால் முழுசாக வருகிறது. உள்ளே காயிலில் தூசியும் சமையல் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தகட்டுக்கு நடுவே காற்றுப் போகவே வழியில்லை. தண்ணீர் அடித்ததும் கன்னங்கரேலென்று சேறு பக்கெட்டில் இறங்கியது, ரெண்டாவது பக்கெட், மூன்றாவது, கடைசியில்தான் தண்ணீர் தெளிந்தது. கேஸ் சொட்டுக் குறையவில்லை. வேறொருவன் என்றால் கேஸ் போட்டு முந்நூறு திர்ஹம் வாங்கிக்கொண்டு போயிருப்பான், பில் இறங்கியிருக்காது. ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே குழாயடியில் கழுவலாம். இதற்கு என்னை மாதிரி ஆள் தேவையில்லை.

ஈரத்தையும் மறக்காதீர்கள். ரூமுக்குள் ஈரத் துணியைக் காயப்போட்டால் அந்தத் தண்ணீரையும் ஏசிதான் உறிஞ்சி வெளியே சொட்டவிட வேண்டும். பால்கனியில் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஃபிளாட் பார்க்கும்போது மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு, இந்த ரெண்டும் இருந்தால் வாடகை குறைவு என்று மயங்க வேண்டாம். அடுப்பு கேஸா கரண்டா என்றும் பாருங்கள். வாட்டர் ஹீட்டர் இன்னொன்று. ஐம்பது லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ரெண்டு யூனிட் ஆகும். ஆனால் கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும், அதனால் இங்கே பழகினவர்கள் ஜூனிலேயே ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஹீட்டர் டேங்க் ஏசி வீட்டுக்குள் இருப்பதால் அதில் கிடக்கும் தண்ணீர்தான் குளிர்ந்தது, குளிக்க ஹாட் குழாயைத் திறப்போம். உங்கள் மனைவி முதல் நாள் நம்ப மாட்டார்.

நான் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், அதுவும் ஜூலையில். இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அப்போது இல்லை. மொட்டை மாடியில் கண்டன்சர் (ஏசியின் வெளி யூனிட்) மேல் கை பட்டால் தோல் வெந்துவிடும். துபாய் நைஃப் பகுதியில் ஒரே ரூமில் அடுக்குக் கட்டில், ஒரு விண்டோ ஏசி. அதற்கு நேராக மேல் கட்டிலில் படுத்தவனுக்குக் குளிர்ஜுரம், கதவோரம் படுத்தவனுக்கு வேர்வை. ரூமுக்குப் பொறுப்பு தொண்டிக்கார மாமா ஒருவர். கரண்ட் காசைத் தலைக்குப் பிரிப்பதில் மாதா மாதம் பஞ்சாயத்து. பேக்கரியில் ராத்திரி வேலை பார்க்கும் ஒருவர் பகலில் தனியாக ஏசி போட்டுத் தூங்குகிறார், அவருக்குப் பங்கு கூட வேண்டும் என்று சிலர். ‘நீங்கள் தூங்கும்போது நான் ரூமில் இல்லையே’ என்று அவர். மாமா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார்: யார் எப்போது தூங்குகிறார், வியாழக்கிழமை ராத்திரி மட்டும் அயர்ன் பாக்ஸ், தேத்தண்ணிக்குக் கரண்ட் கெட்டில் கூடாது, கேஸ் அடுப்புத்தான். வாட் கணக்கு, யூனிட் கணக்கு எல்லாம் அந்தத் தாளில் கற்றதுதான், எந்த இன்ஸ்டிட்யூட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று வருகிற பிள்ளைகள் பார்ட்டிஷன் ரூமில் ‘கரண்ட் சேர்த்து’ என்று வாடகை கொடுத்துவிட்டு நாள் முழுக்க ஏசியை ஓடவிட்டுப் போகிறார்கள். தன் மீட்டர் என்று ஒன்று வரும்போதுதான் முழிப்பார்கள்.

இன்னொரு ரகம் உண்டு. இங்கே சிக்கனமாக இருந்துவிட்டு ஊரில் கண்ணாடி முகப்பு வைத்து மாடி மேல் மாடி கட்டுகிறவர்கள். எங்கள் உம்மா வீடு சுண்ணாம்புச் சுவர், உயரக் கூரை, நடுவில் முற்றம். கச்சான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். ரெண்டு மாதத்துக்கு 300 யூனிட்டைத் தாண்டாது, அதிலும் கணிசமாக எரிவது தண்ணீர் மோட்டார். புது வீடுகளில் ஜூலை விடுமுறைக்கு வந்து இறங்கி நாலு ஏசியையும் போட்டு 500-ஐத் தாண்டிவிட்டு, ‘ஊரில் கரண்ட் கொள்ளை’ என்று இங்கே திரும்பி வந்து பேசுவார்கள். பாக்கி பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் உப்புக் காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகட்டைப் பொடியாக்கியிருக்கும், அந்த ஏசி எப்படிச் சிக்கனமாக ஓடும்? அந்தக் காசுக்கு மாடியில் சோலார் போடலாம். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், நாளைக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். நம் மாவட்ட வெயிலை நம்பிக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட்டுக்குத் தகடு விரித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் மொட்டை மாடியில் விரித்திருப்பது டைல்ஸ்.

ஸ்கூலுக்கு இப்போதே பதிந்து வையுங்கள். லைசென்ஸுக்குக் காசும் பொறுமையும் வேண்டும், வேறு ரகசியம் இல்லை. பணம் அனுப்புவதை உங்கள் மொபைலே சொல்லும். ஃபிளாட்டில் ஏசி யார் மீட்டரில், சில்லர் காசு யார் பொறுப்பு, போன ஆகஸ்ட் பில்லில் எத்தனை யூனிட், இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, செக் கொடுப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். காயிலை நானே வந்து திறந்து பார்க்கிறேன், காசு வேண்டாம். ஊரிலிருந்து யாராவது வந்தால் நம் ஊர் இனிப்பு தொதல் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.