கால்பந்து மிதித்த கிரிக்கெட் பிட்சை மணல் போட்டுச் சரிசெய்யலாமா?

கேள்வி இதுதான்: "எங்கள் சங்கத்துக்கு ஒரு கிரிக்கெட் அணி இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதே மைதானத்தில் கால்பந்து ஆடினார்கள். பிட்ச் குழியும் மேடுமாகக் கிடக்கிறது. மணல் நிரப்பி ரோலர் ஓட்டினால் சரியாகிவிடுமா?"

ஆகாது. மணல் மட்டும் போட்டுவிடாதீர்கள். மீதியைப் படிக்க நேரம் இல்லையென்றாலும் இந்த ஒன்றையாவது உங்கள் சங்கத்துச் செயலாளரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் லோரிக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால்.

குளிர்காலம் என்று எழுதியிருப்பதால் நீங்கள் ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கோலாலம்பூர். இங்கே குளிர்காலம் கிடையாது, மழை உண்டு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஏப்ரலிலும் நவம்பரிலும் சாயங்காலம் ஆனால் போதும், இடியோடு கொட்டிவிடும். நனைந்த பிட்சின் மேல் ஸ்டட் பூட்ஸோடு, அதாவது அடியில் முளை வைத்த கால்பந்துச் செருப்போடு, ஓடினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் வருஷத்தில் ஒரு பருவம் பார்க்கிறீர்கள். நாங்கள் எந்த மாதத்திலும் பார்க்கலாம்.

கோலாலம்பூர்க்காரனுக்கு பிட்ச் பற்றி என்ன தெரியும் என்று கேட்க யாராவது வருவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். 1998 காமன்வெல்த் போட்டியில் கிரிக்கெட் இந்த ஊரில்தான் நடந்தது. சச்சின், கும்ப்ளே, ஸ்டீவ் வாஹ் எல்லாரும் வந்து ஆடினார்கள், தங்கம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 2006இல் இங்கே பக்கத்திலிருந்த கின்ராரா ஓவல் மைதானத்தில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக சச்சின் ஆட்டமிழக்காமல் 141 அடித்தார். 2008இல் கோலி தலைமையில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்ற இறுதி ஆட்டமும் அதே கின்ராராவில்தான். இந்த மழையிலும் அப்படிப்பட்ட பிட்ச் செய்துவைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். நான் வேலை பழகியது அந்தத் தலைமுறை ஆள் ஒருவரிடம். என்னிடம் மண்ணியல் பட்டம் இல்லை. ஆனால் ஒரு கிளப் திடலில் முடி நரைக்கிற வரைக்கும் வேலை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கிளப்பில் நடந்ததைச் சொன்னால் மணல் ஏன் கூடாது என்பது தானாகப் புரியும்.

தீபாவளி முடிந்த சமயம், திடலை ஒரு கால்பந்துப் போட்டிக்கு வாடகைக்கு விட்டார்கள். திடலின் நடுவில் பிட்ச் இருக்கிறது, கால்பந்துக்கு நடு வட்டமும் அங்கேதான் வரும். கோல் கம்பங்களை ஒரு பக்கமாக நகர்த்தினால் பிட்சைக் கயிறு கட்டித் தனியாக விடலாம் என்று நிர்வாகத்திடம் சொன்னேன். மாற்ற முடியாது, வாடகை வாங்கியாகிவிட்டது என்றார்கள். முதல் ஆட்டம் வெயிலில் முடிந்தது, சேதம் பெரிதாக இல்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் மழை கொட்டியது. நின்றதும் தண்ணீர் வடியக்கூட விடாமல் விசில் ஊதிவிட்டார்கள்.

களிமண் நனைந்தால் அதற்கு உறுதி போய்விடும். ஸ்டட் இறங்குகிற இடத்தில் மண் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் பிதுங்கும். காற்றும் தண்ணீரும் போகிற சின்னச் சின்னத் துவாரங்கள் எல்லாம் பூசினாற்போல் அடைபட்டுவிடும். மேலே தெரிகிற குழியைவிட அடியில் நடந்திருக்கிற இந்த அடைப்புதான் பெரிய நோய்.

மறுநாள் காலையில் நானும் கூட வேலை பார்த்த தம்பியும் மண் கிளறுகிற முள்கரண்டியை எடுத்துக்கொண்டு போனால், அங்கே ஏற்கெனவே ஒரு லோரி நின்றது. நிர்வாகம் ஒரு குத்தகைக்காரரை வரவழைத்திருந்தது. ஆற்று மணலைக் கொட்டி, பலகையால் இழுத்து, சொதசொதவென்று இருந்த மண்ணின் மேலேயே பெரிய ரோலரை ஓட்டினார்கள். "அண்ணே, ரெண்டு நாள் காயட்டும்னு சொல்லுங்கலா" என்று தம்பி என் காதில் சொன்னான். சொன்னேன். ரோலர் நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் பிட்ச் பளபளவென்று ஆகிவிட்டது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் அந்தப் பளபளப்பின் விலை தெரிந்தது. மணல் நிரம்பிய குழியில் விழுந்த பந்து கணுக்காலுக்குக் கீழே ஊர்ந்தது. ஒரு சாண் தள்ளி களியில் விழுந்த பந்து விரலுக்கு எகிறியது. ஒரு பையனுக்கு விரல் முறிந்தது. அன்று சாயங்காலக் கூட்டத்தில் எல்லாப் பழியும் கால்பந்து ஆடிய பையன்கள் தலையில் விழுந்தது. "இந்த பந்துக்காரப் பசங்களை உள்ளே விட்டதே தப்பு" என்று ஒருவர் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. பிட்ச் ஓரத்தில் கத்தியால் ஒரு துண்டு வெட்டி மேசைமேல் கொண்டுவந்து வைத்தேன். மேலே மணல். அதற்கு அடியில் ரோலர் நசுக்கிய களி, காற்று போகாமல் சாம்பல் நீலமாக மாறி, சாக்கடை மாதிரி நாறியது. வேர் எல்லாம் அந்த அடுக்குக்கு மேலேயே நின்றுவிட்டது. பையன்கள் போட்டது குழி. இந்த அடுக்கைப் போட்டது ரோலர்.

இங்கே கொஞ்சம் வேறு விஷயம் பேசப் போகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். அந்தப் பந்துக்காரப் பசங்களில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். எஸ்டேட் தோட்டங்கள் இருந்த காலத்தில் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு திடல் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்பாக்களும் பிள்ளைகளும் அங்கேதான் பந்து உதைப்பார்கள், நானும் அப்படி வளர்ந்தவன்தான். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது பள்ளிக்கு ஒரு மூலையில் துண்டு நிலம் கிடைத்தது. கட்டடம் எழும்பியது, திடல் போனது. நான் பார்த்த பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் கார் நிறுத்துகிற தார்த் தரையில் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். சொந்தமாக ஒரு திடல் இல்லாத பையன்கள் வாடகை கொடுத்து ஒரு நாள் புல்லில் ஆட வந்தால், அவர்களை மண் தின்னிகள் மாதிரிப் பேசுகிறோம். கிரிக்கெட் ஆடுகிறவர்களும் நம் பிள்ளைகள், கால்பந்து ஆடுகிறவர்களும் நம் பிள்ளைகள். ஈரத்தில் ஆட விட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, பிட்சுக்கு வருவோம்.

முதலில் மணல் முழுவதையும் வெளியே எடுத்தோம். கரண்டி, தூரிகை, கடைசியில் தூசி உறிஞ்சும் மிஷின்கூட. உங்கள் பிட்சில் இன்னும் மணல் போடவில்லை என்றால் இந்தத் தண்டனை உங்களுக்கு இல்லை. அப்புறம் தார்ப்பாய் போட்டு மழையைத் தடுத்து, வெயில் நேரத்தில் திறந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உலர விட்டோம். கையில் எடுத்து உருட்டினால் உருண்டையாக வரவேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் வேலை செய்கிற பதம். ஸ்டட் குழிகளைச் சுற்றி முள்கரண்டியைக் குத்தி, அமுங்கிய மண்ணை மெல்ல மேலே தூக்கினோம். சின்னக் குழிகள் பாதிக்கு மேல் இப்படியே எழும்பிவிடும். மேட்டைத் தட்டிக் குழியில் தள்ளுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. மேடு உண்மையில் பக்கத்தில் பிதுங்கிய மண், அதைத் தட்டினால் இறுக்கம்தான் கூடும்.

பெரிய குழிகளுக்கு ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, அடியையும் சுவரையும் சொரசொரப்பாகக் கீறி, லேசாக நனைத்து, அதே பிட்சின் மண்ணைச் சலித்து ஒரு விரல் கனத்துக்குப் போட்டு, கட்டையால் இடித்து, மேலே கீறிவிட்டு, திரும்ப அடுத்த அடுக்கு. கீறாமல் போட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாது. காயும்போது நடுவே பிரிந்து, பந்து விழுகிற இடம் பொத்தலாகச் சத்தம் போடும். இந்த ஒரு வேலையில் அவசரப்படுகிறவர்கள்தான் அடுத்த வருஷம் திரும்பவும் கேள்வி கேட்க வருகிறார்கள்.

அதே மண் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வகைக் களி இரண்டு வேகத்தில் சுருங்கும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி விரிசல் விழுந்துவிடும். இங்கே வீடமைப்பு வேலைகளில் தோண்டிப் போடுகிற செம்மண் சும்மாவே கிடைக்கும், அதைப் போடலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் செம்மண்ணில் இருக்கிற களி பெரும்பாலும் கயோலினைட் வகை. அது நனைந்தால் அதிகம் உப்பாது, காய்ந்தால் கல்லாக இறுகாது. பிட்சுக்கு வேண்டியது உப்பி, சுருங்கி, இறுகுகிற களி. இங்கிலாந்து பிட்ச் மண்ணில் களி ஏறக்குறைய 30 சதவீதம், ஆஸ்திரேலியாவில் 50 சதவீதத்துக்கும் மேல் போகும். அதனால் ஒரு நாட்டில் விற்கிற மண்ணை இன்னொரு நாட்டுப் பிட்சில் கொட்டுவதும் ஆகாது.

மண் பிடிக்குமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. மண்ணைப் பிசைந்து ஓர் அங்குல உருண்டையாகப் பிடித்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஆள் எடை பார்க்கிற தராசின் மேல் வைத்துப் பலகையால் அழுத்துங்கள். கிளப் ஆட்டத் தரத்துக்கான பிட்ச் என்றால் உடையும்போது முள் 45 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். ஓர் உருண்டையை மட்டும் நம்பாமல் ஏழெட்டு செய்து பாருங்கள்.

புல்லுக்கு எங்கள் பிட்சில் பெர்முடா, ஆஸ்திரேலியாவில் அதைக் கௌச் என்பார்கள். வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல்லின் இனம்தான். அறுகுபோல் வேரூன்றி என்று நம் பெரியவர்கள் வாழ்த்துவது பிட்சில் கண்கூடு. ஆட்டம் நடக்காத ஓரத்துப் பிட்சிலிருந்து கொடியை வெட்டி, கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி அமுக்கி, பூவாளியால் நனைத்தோம். கோலாலம்பூர் வெயிலுக்கு அது சீக்கிரமே ஓடிப் பின்னிவிட்டது. உங்கள் ஊரில் குளிரில் கௌச் பழுத்து உறங்கிவிடும், மண் சூடாகிற வரைக்கும் நட்டுப் பயனில்லை. இங்கிலாந்து என்றால் உங்கள் பிட்சில் இருப்பது அநேகமாக ரை புல். அதை விதைக்கலாம், ஆனால் பெரிய பழுதுபார்ப்புக்கு அங்கே சரியான நேரம் கிரிக்கெட் பருவம் முடிகிற செப்டம்பர். வசந்தத்தில் சின்ன ஒட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரோலர் கடைசியில்தான். சின்னதில் தொடங்கி, வாரங்கள் போகப்போக கனத்தைக் கூட்டுங்கள், நடந்து போகிறதைவிட மெதுவாக ஓட்டுங்கள். ரோலரில் மண் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள், ஈரம் அதிகம். தூசி பறந்தாலும் நிறுத்துங்கள், காய்ந்த களியை எந்த ரோலரும் இறுக்க முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு, சிமெண்டு போட்டு மேலே செயற்கை விரிப்பு போட்டால் தீர்ந்தது என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: வசதி இல்லாத கிளப்புக்கும் பள்ளிக்கும் அது நல்ல வழி, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கால்பந்துப் பருவத்தில் அதையும் மண்ணோ ரப்பர் விரிப்போ போட்டு மூடத்தான் வேண்டும், விழுகிற பிள்ளைக்கு முட்டி போய்விடும். பணம் இருக்கிற இடத்தில் வேறு வழி உண்டு. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் கால்பந்துப் பருவத்துக்கு பிட்சையே பெயர்த்து வெளியே வைத்துவிட்டு, கோடையில் திரும்ப இறக்குகிறார்கள். 1970களின் கடைசியில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய கிரிக்கெட் போட்டிகளுக்காக ஜான் மேலி என்ற திடல்காரர் கால்பந்து மைதானத்துக்கென்று பிட்சைத் தொட்டியில் வளர்த்துக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து வந்த முறை அது. நம் சங்கங்களுக்கு அது கனவு.

நமக்குக் கையில் இருப்பது கயிறும் நாலு குச்சியும்தான். கால்பந்துக்காரர்களோடு பருவம் தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கோல் கம்பங்களை நகர்த்தி, பிட்ச் நடு வட்டத்திலும் கோல் வாயிலிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி ஆட்டத்தைத் திடலின் மறு பக்கம் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கிற நாளில் ஆட்டத்தைத் தள்ளிவைக்கிற அதிகாரத்தை, யார் தலைவராக இருந்தாலும் சரி, திடல் பார்க்கிறவர் கையில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் கிளப்பில் விரல் முறிந்த பிறகு அதைக் கொடுத்தார்கள். உங்கள் மண் எந்த வகை, குழி எவ்வளவு ஆழம், எந்த ஊர் என்று எழுதினால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.