கொனார்க்குக்குப் போய்வந்த நூலகர்

அன்புள்ள ஐயா,

கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். பூரி, கொனார்க் போய்வந்து எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். பயண நூல்கள் எழுத ஆசை. பகலெல்லாம் பதிவேட்டில் கழிகிறது. மாலையில் ஒடிசாத் தொழிலாளர்கள் மின்விசிறிக்காக வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா? நல்ல கேமரா தேவையா?

கு.

அன்புள்ள கு.,

கேமராவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வேலையை விடுவதை வீட்டு வரவுசெலவு பார்த்து முடிவு செய்யுங்கள். கொஞ்ச நாளாக ஆடம் ஒலியாரியஸ் நினைவாகவே இருக்கிறேன். உங்கள் கடிதமும் அவரிடமே கொண்டுபோய் விட்டது.

பாரசீகத்திலிருந்து பட்டு ரஷ்யா வழியாக வரவழைக்க வட ஜெர்மனியின் கோட்டார்ஃப் பிரபு அனுப்பிய தூதுக்குழுவின் செயலாளர் அவர். காஸ்பியன் கடலில் கப்பல் உடைந்தும், 1637இல் இஸ்ஃபஹான் போய்ச் சேர்ந்தார்கள். பட்டு வணிகம் கைகூடவில்லை. ஒலியாரியஸின் பயண நூல் 1647இல் வந்தது. பிறகு அரண்மனை நூலகரானார். 1656இல் அதே நூல் மிகவும் விரிந்து மறுபடி வந்தது. இடையில் அவர் பாரசீகம் போகவேயில்லை.

1639இல் கோட்டார்ஃபுக்கு வந்த பாரசீகத் தூதுக்குழுவில் ஹக்விர்தி என்பவர் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார். அவர் துணையோடு ஒலியாரியஸ் பாரசீக மொழியில் தேறி, பாரசீகக் கவிஞர் சாஅதி எழுதிய ‘குலிஸ்தான்’ நூலை 1654இல் ஜெர்மனில் தந்தார். பயணம் முடிந்த பிறகு, தன் ஊரில் இருந்தபடி, வந்தவரிடம் கேட்டுக் கற்றிருக்கிறார்!

நீங்கள் கொனார்க் சக்கரத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்திருக்கிறீர்கள். கட்டுரையில் ஒரு ஒடியாக்காரர்கூட வாய் திறக்கவில்லை. அங்கே மொழி தெரியவில்லை, சரி. இங்கே உங்கள் மேசைக்கு எதிரிலேயே வந்து உட்காருகிறார்களே! இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது? கோபத்தோடுதான் கேட்கிறேன். எந்த ஊர், எந்த ரயில், ஊரில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? ஒடியாவில் உங்கள் பெயரை எழுதிக் காட்டச் சொன்னீர்களா? அவர்களுக்காக ஒரு ஒடியா நாளிதழாவது வரவழைக்க முயன்றீர்களா?

பதிவேட்டையும் இகழாதீர்கள். தூதுக்குழுவிலிருந்து பிரிந்து சூரத், ஆக்ரா என்று சுற்றிய மாண்டெல்ஸ்லோ 1644இல் இளம் வயதிலேயே இறந்தார். அவர் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி நூலாக்கியவரும் ஒலியாரியஸ்தான். அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையதைப் போலப் பேணுகிற மனம் அது.

உங்களுக்கு நடை வாய்த்திருக்கிறது. சந்திரபாகா கடற்கரையில் உங்கள் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பத்தியைத் திரும்பவும் படித்தேன். அதைத் தொடாதீர்கள். மற்றதை, எதிரே உட்காருகிறவர்களிடம் கொஞ்சம் ஒடியா கற்றுக்கொண்டு, திருத்தி அனுப்புங்கள்.